வேதநூலை நாம் எங்கே தவறவிடுகிறோம்?

"மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ யாருக்கோ சொன்னது. அதற்கும் என் வாழ்க்கைக்கும் என்ன சம்பந்தம்?" தினமும் பிரார்த்தனை செய்கிறவர்களே இப்படிக் கேட்கிறார்கள். மனதார எழும் கேள்வி இது, தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் பல மதங்களின் நூல்களையும் வருஷக்கணக்காகப் படித்துவந்ததில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். நூலின் வயது பெரிய தடையே இல்லை. நாம் அதைக் கையில் எடுக்கும் விதத்தில்தான் சில தவறுகள் இருக்கின்றன. அவற்றோடு படித்தால் நேற்று எழுதிய நூல்கூட நம்மோடு பேசாது.

முதல் தவறு, பழைய நூல் என்றால் பல் பிடுங்கிய பாம்பு என்று நினைத்துவிடுவது. 1807-இல் லண்டனில் ஒரு பைபிள் அச்சானது. கரீபியன் தீவுகளின் பிரிட்டிஷ் தோட்டங்களில் அடிமைகளாக வேலை வாங்கப்பட்ட ஆப்பிரிக்கர்களுக்காகத் தயாரித்த பதிப்பு அது. பைபிளின் முதல் பாகமான பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி அதில் கிடையாது. மோசேயின் தலைமையில் இஸ்ரவேலர் எகிப்தின் அடிமைத்தனத்தை விட்டு வெளியேறிய கதை கிடையாது. கிறிஸ்துவுக்குள் அடிமை என்றும் சுதந்திரன் என்றும் வேறுபாடில்லை என்கிற, கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் வசனமும் கிடையாது. வேலைக்காரர்கள் எஜமான்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிற, எபேசியருக்கு எழுதிய கடிதத்தின் வசனம் மட்டும் பத்திரமாக இருந்தது.

வெட்டியவர்களுக்கு அந்த நூலின் பலம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. செத்துப்போன எழுத்தென்றால் கத்தரிக்கோல் எதற்கு? அதே நூற்றாண்டில் அமெரிக்காவில் அடிமைகளை ரகசியமாக அழைத்துப்போய் விடுதலைக்குக் கரைசேர்த்த ஹாரியட் டப்மனை மக்கள் 'மோசே' என்றே அழைத்தார்கள். அந்தப் பழங்கதை அவர்களுக்கு வரலாற்றுப் பாடமாக இருக்கவில்லை. அன்று இரவு எந்தப் பக்கம் நடப்பது என்று சொல்லும் கதையாக இருந்தது.

சரி, அந்தக் கத்தரிக்கோல் நம் கையிலும் இருக்கிறது. ஒரு வசனத்தை மட்டும் வெட்டியெடுத்து, அழகான படத்தின் மேல் ஒட்டி, காலை வணக்கத்தோடு அனுப்புகிறோம். உங்களைக் குறித்து நான் நினைத்திருப்பவை தீமைக்கானவை அல்ல, சமாதானத்துக்கானவை என்று கடவுள் சொல்வதாக வரும் எரேமியா 29:11 இப்படி அதிகம் சுற்றும் வசனங்களில் ஒன்று. பரீட்சைக்கும் வேலைக்கும் கல்யாணத்துக்கும் அதை வாழ்த்தாக அனுப்புகிறார்கள். அது யாருக்கு எழுதிய கடிதம் என்று பார்த்தால் மனசு கனத்துப்போகும். கி.மு. 597-இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எழுதியது அது. இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி சொல்லியிருந்தார். கேட்க எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! கடிதத்தை எழுதிய எரேமியா தீர்க்கதரிசியோ எழுபது வருஷம் ஆகும் என்கிறார். நம் ஆறுதல் வசனத்துக்கு முந்தின வசனமே அதுதான். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைபிடித்த நகரத்தின் நலனுக்காகவே பிரார்த்தனை செய்யுங்கள் என்கிறது அந்தக் கடிதம். வாசித்தவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பும் நாளைப் பார்க்கப் போவதில்லை. அப்படியும் அவர்களுக்கு எதிர்காலம் உண்டு என்று சொல்கிற வாக்கு அது. முழுசாகப் படித்த பிறகு, சொந்த மண்ணை இழந்து வேற்று நாட்டில் வாழும் ஓர் அகதிக்கு இதைவிட நெருக்கமான எழுத்து எது என்று யோசித்துப் பாருங்கள். வெட்டியெடுத்த துண்டில் அந்தப் பலம் இல்லை.

நூலில் இல்லாததை நூலில் இருப்பதாக நம்புவதும் உண்டு. 'எது நடந்ததோ அது நன்றாகவே நடந்தது' என்று கீதாசாரமாக மாட்டிவைக்கும் வரிகள் பகவத்கீதையின் எழுநூறு சுலோகங்களில் எங்கும் கிடையாது. தனக்குத் தானே உதவிக்கொள்பவனுக்குக் கடவுள் உதவுவார் என்பது பைபிளில் கிடையாது. மேற்கோள் காட்டும் முன் மூல நூலைத் திறந்து பார்த்தால் போதும்.

அடுத்த தவறு சற்று ஆழமானது. சொல்லுக்குச் சொல் நேர்ப்பொருள் கொள்வதுதான் ஆதிகாலத்து முறை, விளக்கம் சொல்வதெல்லாம் இந்தக் காலத்துச் சமாளிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். பக்தர்களும் நினைக்கிறார்கள், மதத்தை எதிர்ப்பவர்களும் நினைக்கிறார்கள். 'கண்ணுக்குக் கண்' என்ற, பைபிளின் யாத்திராகமச் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னாவில், ஒருவரைக் காயப்படுத்தியவர் ஐந்து வகையில் ஈடு கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது: உடலுக்கு நேர்ந்த நஷ்டம், வலி, வைத்தியச் செலவு, வேலைக்குப் போக முடியாத நாட்களின் இழப்பு, பட்ட அவமானம். கண்ணைப் பிடுங்கும் பேச்சே இல்லை. பின்னால் மிஷ்னாவின் விரிவுரையான தல்மூதில் ரப்பிகள் என்ற யூத மத அறிஞர்கள் இதை வரிவரியாக வாதிடுகிறார்கள். பார்வையற்ற ஒருவர் இன்னொருவரின் கண்ணைக் கெடுத்துவிட்டால் எதைப் பதிலுக்கு எடுப்பது? ஒருவருக்குப் பெரிய கண், மற்றவருக்குச் சின்னக் கண் என்றால் அது சமமா? இப்படியெல்லாம் கேட்டு, பணமாக ஈடு கொடுப்பதே வேதத்தின் கருத்து என்று நிலைநாட்டுகிறார்கள்.

மூல நூலிலேயே இரண்டு வசனம் தள்ளிப் போனால் இன்னொன்று இருக்கிறது. எஜமான் தன் அடிமையின் கண்ணைக் கெடுத்துவிட்டால் அந்தக் கண்ணுக்காக அவனை விடுதலை செய்ய வேண்டும். இதைவிடப் பழைய, பாபிலோன் மன்னன் ஹம்முராபியின் சட்டத்தில் பிறத்தியார் அடிமையின் கண்ணைக் கெடுத்தவர் அவன் விலையில் பாதியைக் கொடுத்தால் போதும். பக்கத்தில் வைத்துப் படிக்கும்போதுதான் அந்த வசனம் எந்தத் திசையில் போகிறது என்பது புலப்படுகிறது. விளக்கம் தேடுவது நூலை நீர்த்துப்போகச் செய்வதாகாது. அந்த நூலை உயிராக மதித்தவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலையே அதுதான்.

கேள்வி கேட்டால் நம்பிக்கை குறைந்துவிடும் என்ற பயமும் இதோடு சேர்ந்தது. கீதை தொடங்குவதே ஒருவனின் கலக்கத்தில். பதினெட்டாம் அத்தியாயத்தில், எல்லாம் சொல்லி முடித்த கண்ணன், "இதை மிச்சமில்லாமல் ஆராய்ந்து பார், பிறகு உன் விருப்பப்படி செய்" என்கிறான். கட்டளையிட முடிந்தவன் ஆராயச் சொல்கிறான். எனக்கு அந்தச் சுலோகத்தின் மேல் தனிப் பிரியம்.

வேதத்தை அறிவியல் பாடநூலாக்கி, புதிய கண்டுபிடிப்பு ஒவ்வொன்றும் அதில் முன்பே இருக்கிறது என்று தேடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அறிவியல் முடிவுகள் மாறிக்கொண்டே இருக்கும். அவற்றோடு கட்டிப்போட்ட நம்பிக்கையும் கூடவே ஆட்டம் காணும்.

அப்புறம், மௌனமாகத் தனியே ஓரிரு பக்கம் படித்துப் பார்த்து, "ஒன்றும் ஒட்டவில்லை" என்று மூடிவைப்பது. இந்த நூல்கள் அப்படிப் படிப்பதற்காகப் பிறந்தவை அல்ல. வேதங்களைச் சுருதி என்பார்கள், கேட்கப்பட்டது என்று பொருள். வேதத்துக்கு எழுதாக்கிளவி, அதாவது எழுதப்படாத சொல், என்றே தமிழில் ஒரு பழைய பெயர் உண்டு. குர்ஆன் என்ற சொல்லுக்கே ஓதுதல் என்று பொருள். புத்தரின் உபதேசங்களும் சில நூற்றாண்டுகள் பிக்குகளின் நாவில் வாழ்ந்து, கி.மு. முதல் நூற்றாண்டில்தான் இலங்கையில் ஏட்டில் ஏறின. ஆகவே வாய்விட்டுப் படியுங்கள். முடிந்தால் இன்னொருவரோடு உட்கார்ந்து படியுங்கள். ஒரு பகுதியை ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் படாத சொல் காதில் விழும்.

எல்லாவற்றையும்விட என்னை வருத்தும் தவறு ஒன்று இருக்கிறது: துக்கத்தில் இருப்பவரின் வாயை அடைக்க வசனத்தைப் பயன்படுத்துவது. நானும் செய்திருக்கிறேன். குழந்தையைப் பறிகொடுத்த ஒரு நண்பரிடம், கடவுள் காரணமில்லாமல் எதையும் செய்யமாட்டார் என்று வசனத்தோடு சொன்னேன். அவர் தலையாட்டினார். அதன் பிறகு என்னிடம் அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசவே இல்லை.

பல வருஷம் கழித்து பைபிளில் உள்ள யோபுவின் புத்தகத்தை நிதானமாகப் படித்தபோதுதான் நான் செய்தது எனக்கு உறைத்தது. பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்த யோபுவைப் பார்க்க மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு பகல், ஏழு இரவு ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். பிறகு வாயைத் திறக்கிறார்கள். கடவுள் நீதியுள்ளவர், பாவத்துக்குத் தண்டனை உண்டு, மனம் திரும்பினால் மீட்சி உண்டு என்று அடுக்குகிறார்கள். தனித்தனியாக எடுத்தால் பக்தியான வார்த்தைகள்தான். யோபுவோ தான் பிறந்த நாளைச் சபிக்கிறான், கடவுளையே வழக்குக்கு அழைக்கிறான். முடிவில் கடவுள் கோபப்படுவது நண்பர்கள் மேல். என்னைப் பற்றி யோபு பேசியதுபோல நீங்கள் சரியாகப் பேசவில்லை என்கிறார். பலி செலுத்திவிட்டு, உங்களுக்காகப் பிரார்த்திக்கும்படி அவனிடமே போங்கள் என்று அனுப்புகிறார். அவர்கள் போகிறார்கள். புலம்பிக்கொண்டிருந்த மனிதன், தனக்குப் புத்தி சொன்னவர்களுக்காகப் பிரார்த்தனை செய்கிறான்.