பழைய அடுக்குமாடியை இடித்துக் கட்டக் கையெழுத்திடும் முன்: சென்னை வீட்டு உரிமையாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

மயிலாப்பூர், தியாகராய நகர், கீழ்ப்பாக்கம், நுங்கம்பாக்கம் என்று சென்னையின் நடுப்பகுதியில் எந்தத் தெருவில் நடந்தாலும், லிஃப்ட் இல்லாத மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்று தகர வேலிக்குப் பின்னால் இடிபட்டுக்கொண்டிருப்பதைக் காணலாம். 1980களில் கட்டப்பட்ட இந்தக் கட்டடங்களில் வெயில்தடுப்புப் பலகைகளின் அடியில் கம்பி துருத்திக்கொண்டு நிற்கிறது. முதலில் குடிவந்தவர்களுக்கு இப்போது மாடி ஏற முழங்கால் ஒத்துழைப்பதில்லை. இந்த நேரம் பார்த்து ஒரு பில்டர் வருகிறார். “உங்கள் 900 சதுர அடிக்கு 1,100 சதுர அடி புதிதாகத் தருகிறோம், கட்டி முடியும்வரை வாடகையும் நாங்களே தருகிறோம், நீங்கள் ஒரு பைசா போட வேண்டாம்” என்கிறார்.

அவர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அந்த ஒரு பைசாவுக்குப் பதிலாக நாம் நிலத்தைக் கொடுக்கிறோம் என்பதை அவர் தாமாகச் சொல்லமாட்டார். எங்கள் கட்டடத்தை இடித்துக் கட்டிய அனுபவத்தில், பேச்சுவார்த்தையின் எல்லாக் கட்டங்களிலும் இந்த ஒன்றை மறக்காதவர்கள் மட்டுமே சரியான கேள்விகளைக் கேட்டார்கள் என்பதைக் கண்டேன்.

முதலில், இடிக்கத்தான் வேண்டுமா

தாழ்வாரம் ஒழுகுவதாலோ கம்பி வெளியே தெரிவதாலோ ஒரு கட்டடத்தின் ஆயுள் முடிந்துவிட்டது என்று பொருளல்ல. பில்டர் அனுப்பும் பொறியாளரை நம்பாமல், சங்கத்தின் செலவில் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அமர்த்தித் தூண்களையும் உத்திரங்களையும் சோதிக்கச் சொல்லுங்கள். கான்கிரீட்டின் வலிமையையும் கம்பியின் அரிப்பையும் அளக்கும் சோதனைகளுக்குச் சில நாள்களே போதும். பழுதுபார்த்து ஓட்டலாம் என்று அறிக்கை வந்தால், அவசரப்படத் தேவையில்லை என்ற பலம் பேரத்தில் உங்கள் பக்கம் சேரும். ஓட்ட முடியாது என்று வந்தால், தயங்கி நிற்கும் உரிமையாளர்களிடம் காட்ட ஓர் ஆவணம் கிடைக்கும்.

எல்லோரும் ஒப்ப வேண்டுமா

முன்பெல்லாம் ஒரே ஒருவர் மறுத்தாலும் வேலை ஆண்டுக்கணக்கில் நின்றுபோனது. 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்டு 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்பினால் மறுகட்டுமானத்துக்கு வழி திறக்கிறது. சட்டம் வழிவிட்டாலும் மூன்றில் இரண்டு பங்கோடு நின்றுவிடாமல் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு போகவே முயல வேண்டும் என்பது என் கருத்து. மறுக்கும் ஒருவர் நீதிமன்றத்தில் தடையாணை கேட்டுப் போனால், வீட்டைக் காலி செய்துவிட்டு வாடகை வீட்டில் காத்திருக்கப்போவது மற்றவர்கள்தான்.

மறுப்பவர்களைவிட, கையெழுத்திட ஆளில்லாத வீடுகளே பெரிய சிக்கல். உரிமையாளர் இறந்து வாரிசுகள் மூன்று ஊர்களில் இருப்பார்கள். ஒருவர் பெயரில் பட்டா, இன்னொருவர் பெயரில் பத்திரம் இருக்கும். வங்கிக் கடனுக்காக மூலப்பத்திரம் அடமானத்தில் கிடக்கும். பில்டரோடு பேசத் தொடங்கும் முன்பே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கோப்பு போட்டு, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், தேவைப்படும் இடத்தில் வாரிசுச் சான்றிதழ், வங்கியின் தடையில்லாச் சான்று ஆகியவற்றைச் சேர்த்துவிடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பும் அதிகாரப் பத்திரம் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்றிருப்பதோடு, இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் இங்கே முத்திரைத் தீர்வையும் செலுத்தப்பட வேண்டும். எங்கள் கட்டடத்தில் ஒருவருடைய பத்திரம் அலமாரியில் கிடந்து அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டதால், எல்லாவற்றையும் மறுபடி எழுதி வாங்க நேர்ந்தது.

நாடாவை எடுத்துத் தெருவை அளங்கள்

எவ்வளவு கட்டலாம் என்பதைத் தீர்மானிப்பது மனையின் பரப்பைப்போலவே எதிரில் இருக்கும் சாலையின் அகலமும்தான். 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, 18.30 மீட்டர் உயரம்வரை உள்ள கட்டடம் உயர்மாடிக் கட்டடம் ஆகாது. சென்னையில் இப்போது எங்கும் காணும் ‘ஸ்டில்ட்டும் ஐந்து மாடியும்’ (ஸ்டில்ட் என்பது கார் நிறுத்துவதற்காகத் தூண்களோடு மட்டும் விடப்படும் தரைத்தளம்) அந்த உயரத்துக்குள் அடங்குவதுதான். இதற்கு அடிப்படைத் தளப்பரப்புக் குறியீடு (எஃப்எஸ்ஐ) 2, அதாவது மனைப் பரப்பைப்போல் இரண்டு மடங்கு கட்டலாம். அரசுக்குக் கட்டணம் செலுத்தி இதற்கு மேலும் வாங்கலாம்; அதைத்தான் பிரீமியம் எஃப்எஸ்ஐ என்கிறார்கள். சாலை 9 மீட்டருக்குக் குறையாமல் இருந்தால் 30 விழுக்காடும், 12 மீட்டரிலிருந்து 40 விழுக்காடும், 18 மீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் 50 விழுக்காடும் கூடுதலாகக் கிடைக்கும்.

எங்கள் தெரு முப்பதடிச் சாலை என்றுதான் பழைய பத்திரத்தில் எழுதியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, போக்குவரத்து தொடங்கும் முன், நானும் செயலாளரும் நாடாவின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு எங்கள் சுற்றுச்சுவரிலிருந்து எதிர்வீட்டுச் சுவர்வரை அளந்தோம். இருபத்தொன்பது அடி இரண்டு அங்குலம். 9 மீட்டர் என்பது இருபத்தொன்பதரை அடிக்குச் சற்று அதிகம். நான்கு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான குறைவு, பில்டர் எங்களுக்குக் காட்டிய கணக்கில் ஒரு மாடிக்கும் மேலான இடத்தைக் கேள்விக்குறியாக்கிவிட்டது. பிறகு உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து ஆவணங்களோடு ஒப்பிட்டு அளந்து, அந்தச் சிக்கல் தீர்ந்த பிறகே பேச்சைத் தொடர்ந்தோம். பில்டரின் காகிதத்தில் உள்ள சாலை அகலத்தை நம்பி எந்தக் கணக்கையும் போடாதீர்கள்.

பக்கத்து மனையையும் சேர்த்துப் பதினைந்து மாடி கட்டலாமே என்ற பேச்சும் வரும். உயர்மாடிக்கு 18 மீட்டர் சாலை இருந்தால் அடிப்படைக் குறியீடே 3.25 என்பது கவர்ச்சியானதுதான். ஆனால் 30 மீட்டர் உயரம்வரை சுற்றிலும் குறைந்தது 7 மீட்டர் விட வேண்டும். மேலே போகப்போக இன்னும் கூட்டி விட வேண்டும். எண்பதடிக்கு நூற்றிருபதடி உள்ள நான்கு கிரவுண்டு மனையில் நாற்புறமும் 7 மீட்டர், அதாவது இருபத்து மூன்று அடி விட்டால், நடுவில் மிஞ்சுவது முப்பத்து நான்குக்கு எழுபத்து நான்கு அடி. லிஃப்டும் இரண்டு படிக்கட்டும் போக அதில் வீடு எங்கே கட்டுவது? அதனால்தான் உள்தெருக்களில் ஐந்து மாடியும், அண்ணா சாலை போன்ற பெருஞ்சாலைகளை ஒட்டிய பெரிய மனைகளில் கோபுரங்களும் எழுகின்றன. தவிர, உயர்மாடிக்குத் தீயணைப்புத் துறையின் சான்று உள்ளிட்ட அனுமதிகள் கூடும். மாதப் பராமரிப்புச் செலவும் பன்மடங்காகும். ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள் நிறைந்த கட்டடத்துக்கு ஐந்து மாடியே அளவானது என்பேன்.

யூடிஎஸ் கணக்கு

பிரிக்கப்படாத நிலப்பங்கை எல்லோரும் யூடிஎஸ் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன். மேலே சொன்ன நான்கு கிரவுண்டு மனை 9,600 சதுர அடி. பன்னிரண்டு வீடுகள் இருந்தால் வீட்டுக்கு 800 சதுர அடி யூடிஎஸ். 9 மீட்டர் சாலையில் பிரீமியத்தையும் சேர்த்தால் குறியீடு 2.6 ஆகும், எனவே மொத்தம் 24,960 சதுர அடி கட்டலாம். பன்னிருவருக்கும் தலா 1,100 கொடுத்தால் 13,200 போகும். மீதி 11,760 சதுர அடி பில்டருடையது. அவர் அதை விற்கும்போது அதற்குரிய நிலப்பங்கும் புதியவர்களுக்குப் போய்விடும். கணக்குப் போட்டால் உங்கள் 800 சதுர அடி யூடிஎஸ் ஏறத்தாழ 423 ஆகச் சுருங்கியிருக்கும்.

ஆக, நீங்கள் கொடுத்தது 377 சதுர அடி நிலம். உங்கள் தெருவில் நிலம் சதுர அடி 20,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அது 75 லட்சத்து 40 ஆயிரம். இதை ஒரு பக்கம் எழுதுங்கள். 1,100 சதுர அடி வீட்டைக் கட்டும் செலவு, உங்களுக்குத் தரும் வாடகை, அனுமதிக் கட்டணங்களிலும் பிரீமியக் கட்டணத்திலும் உங்கள் பங்கு ஆகியவற்றை மறுபக்கம் எழுதிக் கூட்டுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பில்டரின் லாபத்துக்கு நீங்கள் தரும் பங்கு. அவருக்கு லாபம் இருக்கத்தான் வேண்டும். லாபமில்லாத பில்டர் பாதியில் ஓடிவிடுவார். ஆனால் எவ்வளவு என்று தெரிந்து கொடுப்பதற்கும் தெரியாமல் கொடுப்பதற்கும் வேறுபாடு உண்டு. இரண்டு மூன்று பில்டர்களின் விலைப்புள்ளிகளையும் இதே தாளில் ஒப்பிடலாம்.

சதுர அடி என்றால் எந்தச் சதுர அடி என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். படிக்கட்டு, லிஃப்ட், வராந்தா எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்துச் சொல்லும் அளவும், சுவருக்குள் பாய் விரித்துப் படுக்கக்கூடிய கார்பெட் பரப்பும் ஒன்றல்ல. பழைய வீட்டின் கார்பெட் பரப்பை அறை அறையாக அளந்து எழுதி, புதிய வீட்டின் கார்பெட் பரப்பையும் வரைபடத்தோடு ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். 1,100 என்று பேசப்பட்ட வீடு, உள்ளே பழைய 900ஐவிடச் சிறியதாக இருந்த கதைகள் உண்டு.

ஒப்பந்தத்தில் விடக்கூடாதவை

எல்லாவற்றிலும் முக்கியமானது, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின், அதாவது சிஎம்டிஏவின், திட்ட அனுமதி கைக்கு வரும்வரை எவரும் வீட்டைக் காலி செய்யக்கூடாது என்ற நிபந்தனை. “நீங்கள் காலி செய்தால்தான் வேலை சீக்கிரம் நடக்கும்” என்று நயமாகச் சொல்வார்கள். எங்கள் கட்டடத்தில் இரண்டு குடும்பங்கள் அதை நம்பி முன்னரே போய்விட்டன. அனுமதி வர மேலும் எட்டு மாதம் ஆனது. வாடகை ‘காலி செய்த நாளிலிருந்து’ என்றில்லாமல் ‘கட்டடம் முழுவதையும் பில்டரிடம் ஒப்படைத்த நாளிலிருந்து’ என்று எழுதியிருந்ததால், அந்த எட்டு மாத வாடகை அவர்கள் கையிலிருந்தே போனது.

பில்டருக்குத் தரும் அதிகாரப் பத்திரம் அவருடைய பங்கை விற்பதற்கு மட்டுமே செல்ல வேண்டும். அதையும் வேலை முன்னேற முன்னேறப் பகுதி பகுதியாக விற்கத்தான் அனுமதிக்க வேண்டும். உங்கள் பங்கை அடமானம் வைக்கும் உரிமை எந்த வரியிலும் ஒளிந்திருக்கக் கூடாது. வாடகைக்கு ஆண்டுதோறும் உயர்வு, போக வர இரு முறைக்கும் வண்டிச் செலவு, கெடு தாண்டினால் மாதத்துக்கு இவ்வளவு என்ற தண்டம், வங்கி உத்தரவாதம் ஆகியவற்றைத் தொகையோடு எழுதுங்கள். உங்கள் வீட்டுக்கான கட்டுமானச் சேவையின் ஜிஎஸ்டியைச் செலுத்துபவர் யார் என்பதைப் பலர் கேட்பதில்லை. கடைசியில் சாவியோடு ஒரு பில்லும் வரும். இடிப்பில் கிடைக்கும் தேக்குக் கதவுகளும் கம்பிகளும் யாருக்கு என்பதும் சிறிய தொகையல்ல.

கார் நிறுத்தும் இடத்தைப்பற்றி நட்புணர்வோடு பிறகு பேசிக்கொள்ளலாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். முப்பது ஆண்டுகள் ஒன்றாகப் பொங்கல் வைத்தவர்கள் ஸ்டில்ட்டில் ஒரு தூணுக்காகப் பேச்சை நிறுத்திக்கொண்டதை நேரில் பார்த்திருக்கிறேன். எந்த மாடி, எந்தத் திசை, எந்தக் கார் இடம் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே குலுக்கல் போட்டு முடித்து, வரைபடத்தில் பெயர் எழுதிவிடுங்கள்.

பில்டரின் முந்தைய வேலைகளை, வீட்டுமனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையமான தமிழ்நாடு ரெராவின் இணையதளத்தில் பார்க்கலாம். நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ வீடுகள் எட்டுக்கு மேல் இருந்தாலோ, விற்பனைக்கு வரும் திட்டம் அங்கே பதிவாக வேண்டும். வாங்குபவர்களிடம் வசூலிக்கும் பணத்தில் 70 விழுக்காடு தனிக் கணக்கில் கிடக்க வேண்டும் என்ற விதி, கட்டடம் பாதியில் நிற்காமலிருக்க உங்களுக்கும் மறைமுகமாக உதவும்.

வருமான வரிக்கு ஆடிட்டரைக் கேளுங்கள். 2017இல் வந்த திருத்தத்தின்படி, பில்டரோடு செய்துகொண்டு பதிவு செய்யப்பட்ட இதுபோன்ற கூட்டு மேம்பாட்டு ஒப்பந்தத்தில் தனிநபருக்கு மூலதன ஆதாய வரி பொதுவாக நிறைவுச் சான்றிதழ் வரும் ஆண்டில்தான் விழும். ஆனால் அதற்கு முன்பே உங்கள் பங்கை விற்றால் அந்தச் சலுகை போய்விடும்.

சாவி வாங்கும் நாள்

புதிய வீட்டில் பால் காய்ச்ச நல்ல நாள் பார்க்கும் முன் சிஎம்டிஏவின் நிறைவுச் சான்றிதழைக் கேளுங்கள். அது இல்லாமல் நிரந்தர மின் இணைப்புக்கும் குடிநீர், கழிவுநீர் இணைப்புகளுக்கும் அலைய நேரிடும். பழைய நாடாவோடு போய் அறைகளை மறுபடி அளங்கள். குறைந்திருந்தால் அங்கேயே எழுதி வாங்குங்கள். உங்கள் பெயரில் மிஞ்சும் யூடிஎஸ் எவ்வளவு என்பது பதிவான ஆவணத்தில் சதுர அடியில் இருக்கிறதா என்று பார்த்து, சொத்து வரியையும் மின் இணைப்பையும் புதிய வீட்டு எண்ணுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.