ஒரே கான்டிராக்டரிடம் கொடுத்தும் வீட்டு வேலை இழுப்பது ஏன்?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் வீட்டில் வேலை எடுத்தவர் யாரைக் கேட்டாலும், சட்ஸ்வொர்த்தாக இருந்தாலும் ஃபீனிக்ஸாக இருந்தாலும், ஒரே புலம்பல்தான்: கொத்தனார் முடித்துவிட்டார், பிளம்பரைக் காணோம், பிளம்பர் வந்தார், எலக்ட்ரீஷியன் வேறு இடத்தில் வேலை பிடித்துவிட்டார். ஒருவர் போய் அடுத்தவர் வரும்வரை காத்துக்கிடப்பதில்தான் மாதங்கள் போகின்றன. அதனால் எல்லா வேலையையும் ஒரே கான்டிராக்டரிடம் விடுவது நல்லது என்பதுதான் என் கட்சி. ஆனால் அதிலும் சொதப்ப வழி உண்டு.

முதல் தவறு, நாலு காசு மிச்சம் என்று குளியலறையை மட்டும் பிரித்து வேறு ஆட்களிடம் கொடுப்பது. வீட்டிலேயே அதிகமான ஆட்கள் கை வைக்கும் இடம் அதுதான். பிளம்பர் சுவரில் காடி வெட்டிக் குழாய் பதிக்க வேண்டும், அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்க்க வேண்டும், எலக்ட்ரீஷியன் வயர் இழுக்கக் குழாய் போட வேண்டும், அப்புறம் பூச்சு, அது காய்ந்த பிறகு வாட்டர்புரூஃபிங், அதற்கு மேல் டைல்ஸ், கடைசியில் அதே பிளம்பர் திரும்பி வந்து குழாய், பேசின் எல்லாம் மாட்ட வேண்டும். இதில் ஒருவர் முந்திக்கொண்டால் போச்சு. டைல்ஸ் ஒட்டிய சுவரில் கீசர் குழாய்க்கு ஓட்டை போடுகிறேன் என்று டிரில்லோடு வந்து நிற்பவரிடம் என்ன சொல்ல முடியும்? உடைந்த டைலுக்கு யார் பணம் கொடுப்பது என்ற சண்டையிலேயே ஒரு வாரம் ஓடிவிடும். பொறுப்பு ஒருவரிடம் இருந்தால் அந்தச் சண்டை அவருடைய ஆட்களுக்குள்ளேயே முடியும்.

அடுத்தது, "எல்லாம் நாங்களே பார்த்துக்குவோம்" என்ற பேச்சை அப்படியே நம்புவது. கான்டிராக்டர் தன் பக்கியின், அதாவது பிக்கப் வண்டியின், கதவில் பத்து வேலையை எழுதிவைத்திருப்பார், விசாரித்தால் பிளம்பர் முதல் பெயின்டர் வரை எல்லோரும் வெளியாட்கள், நீங்கள் தேடி அலைந்திருக்கக்கூடிய அதே ஆட்கள். வெளியாட்களை வைப்பது தப்பில்லை. யார் யார், எந்த வாரம் வருவார்கள், வராவிட்டால் மாற்று யார் என்று அவரிடம் எழுத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அவர் முடித்துக்கொடுத்த இரண்டு வீடுகளின் முகவரி கேளுங்கள், நேரில் போய் அந்த வீட்டுக்காரர்களிடம் பேசுங்கள்.

மின்வேலைக்கான காகிதத்தை மறப்பவர்கள் நிறைய. தென்னாப்பிரிக்காவில் மின்வேலைக்கு இணக்கச் சான்றிதழ், நாம் பேச்சில் சொல்லும் சிஓசி, வேண்டும். அதைப் பதிவுபெற்றவர்தான் கொடுக்க முடியும், கான்டிராக்டரின் மைத்துனர் கொடுக்க முடியாது. வேலை முடிந்த பிறகு யாரோ செய்த வயரிங்குக்குக் கையெழுத்துப் போட ஆள் தேடினால், நேர்மையான எலக்ட்ரீஷியன் சுவரைத் திறந்து பார்க்காமல் போடமாட்டார். புதிய வீடே கட்டுகிறீர்கள் என்றால் கட்டுபவர் என்எச்பிஆர்சியில், அதாவது வீடு கட்டுபவர்களைப் பதிவு செய்யும் தேசிய அமைப்பில், பதிவு செய்தவராக இருக்க வேண்டும், வேலை தொடங்க 15 நாள் முன்பே வீட்டையும் அங்கே பதிய வேண்டும்.

கட்டிட பிளானுக்கு ஒப்புதல் வாங்கும் விஷயத்துக்கு வருவோம். 1977-ஆம் ஆண்டின் கட்டிடச் சட்டப்படி 500 சதுர மீட்டருக்குக் குறைவான கட்டிடத்துக்கு நகராட்சி 30 நாளில் பதில் சொல்ல வேண்டும், ஆனால் அந்தக் கணக்கு எல்லாத் தாள்களும் சரியாகக் கொடுத்த பிறகுதான் ஓடத் தொடங்கும். ஒப்புதல் வருவதற்குள் அஸ்திவாரம் தோண்டி, இன்ஸ்பெக்டர் பார்க்கும் முன்பே கான்கிரீட் ஊற்றி, பிறகு வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் வாங்குவது நமக்கு நாமே வாங்கிக்கொள்ளும் தாமதம்.

நாள்காட்டியையும் பாருங்கள். தீபாவளிக்குள் முடித்துவிடலாம் என்று செப்டம்பர் கடைசியில் கூரையைப் பிரிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். அக்டோபரிலிருந்து இங்கே மழைக்காலம், டிசம்பர் நடுவில் கட்டுமான ஆட்கள் எல்லோரும் விடுமுறைக்குப் போனால் ஜனவரியில்தான் திரும்புவார்கள். பிரித்த கூரைக்குத் தார்ப்பாய்தான் கதி. இலையுதிர் காலத்தில், ஏப்ரல் மே வாக்கில் தொடங்கினால் இந்தப் பாடு இல்லை.

பணத்தைத் தேதி பார்த்துக் கொடுக்காதீர்கள், முடிந்த வேலையைப் பார்த்துக் கொடுங்கள்: அஸ்திவாரம், சுவர், கூரை, பூச்சு, கடைசியில் சிஓசி கைக்கு வந்த பிறகு மீதி. முன்பணமாகப் பாதிக்கு மேல் கேட்பவரிடம் இருந்து நகர்ந்துவிடுவேன்.

அப்புறம் நம் பக்கத் தவறு ஒன்று இருக்கிறது, அதைக் கான்டிராக்டர்கள் நம் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. டைல்ஸ், கதவு, குழாய் எல்லாம் நாங்களே வாங்கித்தருகிறோம் என்று சொல்லிவிட்டு, ஒட்ட ஆள் வந்து நிற்கும் நாளில் நிறம் பிடிக்கவில்லை, மாமியாரைக் கேட்டுச் சொல்கிறேன் என்பது. அந்த ஆட்களை அவர் சும்மா வைத்திருக்க மாட்டார், வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுவார், அங்கே ஆரம்பித்ததை முடிக்காமல் அவர்கள் உங்களிடம் திரும்பவும் மாட்டார்கள். டைல்ஸைப் பூச்சு தொடங்கும் முன்பே, உடைசலுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்து, எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண்தானா என்று பார்த்து வாங்கி, வீட்டிலேயே அடுக்கிவையுங்கள்.