எஃப்டி-101 வீட்டுக்கு வந்துவிட்டதா? பிளக்கைச் செருகும் முன் கொஞ்சம் பொறுங்கள்

என் எஃப்டி-101இ, அதாவது உரிமம் வாங்கிய அமெச்சூர்கள் அலைவழியே பேசும் ஒரு பழைய ஹாம் ரேடியோ செட், வந்த புதிதில் ரிசீவ் அருமையாக இருந்தது. டிரான்ஸ்மிட்டில் மட்டும் ஒரு வாட்கூட வரவில்லை. டிரைவர் வால்வை மாற்றினேன். பேண்ட் ஸ்விட்சைத் துடைத்தேன். சர்க்யூட் வரைபடத்தைச் சுவரில் ஒட்டி வைத்து ராத்திரி ராத்திரியாக வோல்டேஜ் அளந்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு மூத்த ஹாம் வீட்டுக்கு வந்தார். காபியைக்கூட வாங்காமல் செட்டின் பின்பக்கம் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, அக்சசரி பிளக் எங்கேப்பா?" என்றார்.

அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. பின்பக்கத்து அக்சசரி சாக்கெட்டில் ஒரு சின்ன பிளக் செருகியிருக்கும். அதற்குள் ஒன்றாவது பின்னையும் இரண்டாவது பின்னையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்திருப்பார்கள். ஃபைனல் வால்வுகளின் (ஆன்டெனாவுக்குப் பவர் அனுப்பும் கடைசி வால்வுகள்) ஹீட்டர் கரண்ட் அந்த ஒயர் வழியாகத்தான் போகிறது. பிளக் இல்லையென்றால் வால்வு சூடாகாது, பவரும் வராது. எனக்கு விற்றவர் அதைத் தரவில்லை, நானும் கேட்கவில்லை. ஃபைனல் கூண்டின் ஓட்டை வழியாக ஒருமுறை உள்ளே பார்த்திருந்தால்கூட இரண்டு வால்வும் இருட்டாக இருப்பது தெரிந்திருக்கும். மல்டிமீட்டரை எடுப்பதற்கு முன் கண்ணால் பார்க்கவேண்டும் என்று அன்றுதான் புரிந்தது.

பழைய செட் வாங்கும் நண்பர்கள் செய்கிற தவறுகள் பலவும் இந்த ரகம்தான். நான் எஃப்டி-101ஐ வைத்தே சொல்கிறேன். 1970களில் ஜப்பானின் யாயெசு கம்பெனி செய்த செட் இது (நாம் சொல்வதைப் போலவே 'யேசு' என்று எழுதினால் சர்ச்சுக்குப் போய்விடும், அதனால்தான் இந்த எழுத்து). ரிசீவர் முழுக்க டிரான்சிஸ்டர். டிரான்ஸ்மிட்டரில் மட்டும் மூன்று வால்வு: டிரைவராக (ஃபைனலுக்குச் சிக்னலைத் தள்ளும் வால்வு) ஒரு 12பிஒய்7ஏ, ஃபைனலாக இரண்டு 6ஜேஎஸ்6சி. கென்வுட் டிஎஸ்-520 வைத்திருப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

முதலில் உரிமம். ஒலிபரப்பினால்தான் தவறு, அலமாரியில் சும்மா வைத்திருந்தால் பரவாயில்லை என்று நினைப்பவர்கள் நிறைய. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் டிரான்ஸ்மிட்டர் வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். தேர்வு எழுதி, கால்சைன் (உங்களுக்கென்று தரும் அழைப்புப் பெயர்) வாங்கிவிட்டு செட்டைத் தேடுங்கள்.

அடுத்து கரண்ட். ஜப்பான் வீடுகளுக்கென்று செய்த செட் 100 வோல்ட்டுக்கு ஒயரிங் செய்யப்பட்டிருக்கும், அமெரிக்காவுக்குப் போனது 117க்கு. அதை நம் சுவரில் செருகினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வெளியே மாற்றிக்கொள்ள ஸ்விட்ச் கிடையாது. டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி டேப்புகளில் ஒயரை மாற்றி சால்டர் வைக்கவேண்டும். 100, 110, 117, 200, 220, 234 என்று டேப்புகள் உண்டு. நம் ஊருக்கு 234தான் சரி. 220இல் வைத்தாலும் ஓடும், ஆனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் என் வீட்டுச் சுவரில் 248 காட்டும். அந்த நேரத்தில் ஹீட்டரும் கெபாசிட்டர்களும் தேவையில்லாமல் அடி வாங்கும். "இந்தியாவில் ஓடிய செட்தான் சார்" என்று விற்பவர் சொல்வார். அவர் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டியிருக்கலாம். மூடியைத் திறந்து பாருங்கள். டேப்பை மாற்றினால் ஃபியூஸையும் மாற்றுங்கள்: 117 வோல்ட்டுக்குப் போட்ட ஃபியூஸ் 234க்கு ரொம்பப் பெரியது.

ஒயர் இரண்டு பின் பிளக்கில் முடிந்தால் அதை வெட்டிப் போட்டுவிட்டு மூன்று பின் ஒயர் போடுங்கள். பின்பக்கத்து கிரவுண்ட் திருகிலிருந்தும் எர்த்துக்கு ஒரு தடித்த ஒயர் போகட்டும். இதில் பேரம் பேசாதீர்கள். ஐம்பது வயது டிரான்ஸ்ஃபார்மரில் லீக்கேஜ் வந்தால் மைக்கைத் தொடுகிற உதட்டுக்குத்தான் முதலில் தெரியும்.

எல்லாம் சரி பார்த்தாயிற்று, இப்போது ஆன் செய்யலாமா? நேரடியாக வேண்டாம். பத்து வருடம் பரணில் கிடந்த செட்டின் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள் உள்ளே காய்ந்தோ லீக் ஆகியோ இருக்கும். ஒரே அடியாக முழு வோல்டேஜ் கொடுத்தால் ஏதாவது ஒன்று வெடித்து, அது போகும்போது டிரான்ஸ்ஃபார்மரையும் கூட்டிக்கொண்டு போகலாம். டிரான்ஸ்ஃபார்மர் போனால் செட் போன மாதிரிதான். வேரியாக் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) இருந்தால் மெல்ல ஏற்றுங்கள். இல்லாவிட்டால் எந்த எலக்ட்ரீஷியன் கடையிலும் தொங்குகிற சீரீஸ் போர்டு போதும். 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டு, முன்பக்கத்து ஹீட்டர் ஸ்விட்சை ஆஃபில் வைத்து ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். எல்இடி பல்பைப் போட்டுவிட்டு "ஒன்றும் தெரியவில்லையே" என்று கேட்டவரும் உண்டு. இழை உள்ள பல்பு வேண்டும்.

ரிசீவ் வந்துவிட்டால் ஒரு வாரம் அதோடு இருங்கள். ஹீட்டர் ஸ்விட்சை ஆஃப் செய்துவிட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கலாம், ரிசீவருக்கு வால்வு தேவையில்லை. இந்த வசதியை மறந்து நாள் முழுக்க ஹீட்டரை எரியவிட்டு, வால்வின் ஆயுளைத் தேய்ப்பதும் ஒரு தவறுதான். பேசவேண்டும் என்னும்போது ஹீட்டரை ஆன் செய்து, குறைந்தது ஒரு நிமிடமாவது விட்டு மைக்கை எடுங்கள்.

இந்த ஒரு வாரத்தில்தான் கை அரிக்கும். சத்தம் கொஞ்சம் குறைவாக இருக்கிற மாதிரி தோன்றும். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ரிசீவரின் ஐஎஃப் காயில்களுக்கு (டியூனிங் சுருள்கள்) நடுவே இருக்கும் ஃபெரைட் கோரைத் திருக ஆசை வரும். வேண்டாம். அலைன்மென்ட் (அந்தக் காயில்களின் டியூனிங்) தானாக அவ்வளவு தூரம் நகராது. தப்பான முனையால் திருகினால் அந்த ஃபெரைட் கோர் பொடியாக உடைந்து உள்ளேயே சிக்கிக்கொள்ளும். சத்தம் குறைவதற்கு நான் பார்த்த காரணம் பெரும்பாலும் துருதான்: ரிலே காண்டாக்ட், பேண்ட் ஸ்விட்ச், போர்டுகளின் விளிம்பு. இந்தச் செட்டில் போர்டுகள் சாக்கெட்டில் செருகி வைத்த மாதிரி இருக்கும். பவரை எடுத்துவிட்டு, ஒவ்வொன்றாக நேராக இழுத்து, விளிம்பை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, திரும்பச் செருகினாலே பாதி நோய் போய்விடும். ஒரு போர்டை எடுத்துத் துடைத்து வைத்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். எந்தப் போர்டு எந்தச் சாக்கெட் என்ற சந்தேகமே வராது.

துடைப்பதிலும் ஒரு வழி இருக்கிறது. ரிலே காண்டாக்டில் உப்புத்தாள் போடுவது நம் மெக்கானிக்குகளின் பழைய பழக்கம். மேலே இருக்கிற வெள்ளிப் பூச்சு அதோடு போய்விடும், ஆறு மாதத்தில் முன்பைவிட மோசமாகும். விசிட்டிங் கார்டு அட்டையை மெல்லிய துண்டாக வெட்டி, ஆல்கஹாலில் நனைத்து, காண்டாக்ட் நடுவே வைத்து, விரலால் ரிலேயை லேசாக அழுத்திக்கொண்டு அட்டையை இழுங்கள். கறுப்பாக வரும். வெள்ளையாக வரும்வரை இழுங்கள். இந்த வேலையும் பவர் எடுத்த பிறகுதான். பேண்ட் ஸ்விட்சில் துரு எடுக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயைப் பீய்ச்சாதீர்கள். எண்ணெய் தங்கி தூசியைப் பிடிக்கும், பிறகு அதைக் கழுவுவது தனி வேலை.

சரி, டிரான்ஸ்மிட். இங்கேதான் வால்வுகள் சாகின்றன.

டிரான்சிஸ்டர் செட்டில் பழகியவர்கள் மைக்கை அழுத்தினால் பவர் போகும் என்று நினைக்கிறார்கள். இதில் நாம்தான் டியூன் செய்யவேண்டும். முதலில் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதில் பவரை வாங்கிக்கொள்ளும் ரெசிஸ்டர்) போடுங்கள். கடையில் வாங்க மனம் இல்லையா? ஒரு கிலோ ஓம், 2 வாட் மெட்டல் ஆக்ஸைடு ரெசிஸ்டர்கள் இருபதை இணையாக சால்டர் வைத்தால் 50 ஓம், 40 வாட். சில வினாடி டியூனிங்குக்கு அது தாங்கும். சிமெண்ட் ரெசிஸ்டர் ஆகாது, உள்ளே சுற்றியிருக்கும் கம்பி காயில் மாதிரி வேலை செய்யும். குண்டு பல்பும் ஆகாது, சூடு ஏற ஏற அதன் ஓம் மாறிக்கொண்டே போகும்.

மைக் கெயினைப் பூஜ்யத்தில் வைத்து, எஸ்எஸ்பியில் (குரலில் பேசும் முறை) பிடிடியை (மைக்கில் இருக்கும் பேசும் பொத்தான்) அழுத்தி, மீட்டரை ஐசியில் (ஃபைனல் வால்வுகளின் கரண்ட்) வைத்துப் பாருங்கள். 60 மில்லியாம்ப் காட்டவேண்டும். இல்லாவிட்டால் பயஸைத் (வால்வு சும்மா இருக்கும்போது ஓடும் கரண்டை வைக்கும் திருகு) திருகி அங்கே கொண்டுவாருங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே 60, 70, 90 என்று ஏறினால் உடனே விடுங்கள். டிரைவரையும் ஃபைனலையும் இணைக்கும் கப்ளிங் கெபாசிட்டர் லீக் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். பத்து ரூபாய் சாமானுக்காக ஜோடி வால்வு போகும்.

அப்புறம் ரிசீவில் பிரீசெலக்டரை (பேண்டுக்கு ஏற்ப டியூன் செய்யும் குமிழ்) அதிக இரைச்சல் வரும் இடத்தில் நிறுத்தி, மோட் ஸ்விட்சை டியூனில் வைத்து, கேரியர் குமிழைக் கொஞ்சம் ஏற்றி, பிளேட் கன்ட்ரோலைத் திருப்பி ஐசி மீட்டர் குழியும் இடத்தைப் பிடியுங்கள். அந்தக் குழி கிடைக்காத நிலையில் பத்து வினாடிக்கு மேல் அழுத்தக் கூடாது. முடிந்தால் முதல் சில தடவை அறை விளக்கை அணைத்துவிட்டு கூண்டின் ஓட்டை வழியாக ஒரு கண் வைத்திருங்கள். குழி தவறினால் வால்வுக்குள் இருக்கும் கறுப்புத் தகட்டின் ஓரம் மங்கலாகச் சிவக்க ஆரம்பிக்கும். அதுதான் வால்வு உங்களிடம் கெஞ்சுவது. ஐசி குறையும் இடமும் பவர் உச்சத்துக்குப் போகும் இடமும் ஒன்றாக வரவேண்டும். தள்ளித் தள்ளி வந்தால் நியூட்ரலைசேஷன் (வால்வு தானாகவே அலை கிளப்பாமல் தடுக்கும் சரிசெய்தல்) சரியில்லை என்று பொருள், வால்வு மாற்றியவர்கள் தவறாமல் இதைப் பார்க்கவேண்டும். வால்வு செட் எந்த ஆன்டெனாவையும் இழுத்துக்கொண்டு போகும் என்று ஒரு பேச்சு உண்டு. 50 முதல் 75 ஓம் வரை சமாளிக்கும், அவ்வளவுதான். மாடியில் தொங்கும் ஏதோ ஒரு கம்பிக்கு டியூனர் வேண்டும்.

வால்வு வாங்கும்போது பெயரை முழுக்கப் படியுங்கள். 6ஜேஎஸ்6சி என்பது டிவிக்கென்று செய்த வால்வு. எல்லாக் கம்பெனியின் வால்வும் இந்தச் செட்டில் ஒழுங்காக நியூட்ரலைஸ் ஆவதில்லை. எஃப்டி-101இசட்டியில் இருப்பது 6146பி. பெயரில் 101 இருந்தாலும் அது வேறு வடிவமைப்பு. அதன் மேனுவலை இறக்கி வைத்துக்கொண்டு இதைத் திறந்தால் தலைசுற்றும்.

ஃபைனல் கூண்டுக்குள் 600 வோல்ட் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் இருக்கும். ஒரு ரெசிஸ்டரை இன்சுலேட்டட் கம்பியில் கட்டி, ஹைவோல்டேஜ் கெபாசிட்டரை சேசிஸுக்கு டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகு கை வையுங்கள். இன்னொரு கை சட்டைப் பையில் இருக்கட்டும்.

மைக்கில் ஒரு சின்னக் கண்ணி. நாலு பின் கனெக்டர் கென்வுட்டிலும் இதே மாதிரிதான் இருக்கும், செருகினால் உட்காரும், ஆனால் பின்களின் வரிசை வேறு. செட்டுக்கு 50 கிலோ ஓம் மைக் வேண்டும். புது செட்டின் 600 ஓம் மைக்கை மாட்டிவிட்டு, சத்தம் போதவில்லையென்று கெயினைக் கடைசி வரை திருகுபவர்களின் குரல் 40 மீட்டர் பேண்டில் அடிக்கடி கேட்கும்.

டயலை நம்பாதீர்கள். அரை மணி நேரம் சூடாகட்டும், பிறகு உள்ளே இருக்கும் கேலிபரேட்டரை (டயலை ஒப்பிட்டுப் பார்க்கச் சிக்னல் தரும் சர்க்யூட்) வைத்து டயலைச் சரிசெய்யுங்கள். பேண்ட் ஸ்விட்சில் 10 மெகாஹெர்ட்ஸ் நேரச் சிக்னலுக்கென்று ஒரு இடம் இருக்கும். இரவில் அதில் சீனாவின் பிபிஎம் நிலையத்தின் டிக் டிக் கேட்டால் கேலிபரேட்டரையே சோதித்துவிடலாம். நமக்கு 40 மீட்டர் 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரை. அங்கே எல்எஸ்பி (டயல் காட்டும் இடத்துக்குக் கீழே குரல் போகும் முறை). டயல் 7.001இல் இருந்தால் உங்கள் குரலின் பெரும்பகுதி 7.000க்குக் கீழே போய்விடும். டயலும் ஒரு கிலோஹெர்ட்ஸ் தப்பாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

எஃப்டி8 (கம்ப்யூட்டர் வழியாகச் சின்னச் செய்திகள் அனுப்பும் முறை) ஆசை இருக்கிறவர்களுக்கு: ஓடும். ஆனால் அது 15 வினாடிச் சுற்றில் முழு பவரில் தொடர்ந்து ஊளையிடும் முறை. எஸ்எஸ்பி பேச்சுக்கென்று வைத்த வால்வு அதை 100 வாட்டில் தாங்காது. 25, 30 வாட்டில் நிறுத்துங்கள். கம்ப்யூட்டருக்கும் செட்டுக்கும் நடுவே ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள்.

ஒரு கடைசி விஷயம். நம் வீடுகளில் ரேடியோ என்றாலே அதன்மேல் பூவேலை செய்த துணி ஒன்று வந்து உட்காரும். என் வீட்டிலும் அம்மா போட்டுவிட்டார், தூசி படாமல் இருக்கட்டுமே என்று. மேல்மூடியில் இருக்கும் ஓட்டைகள் சூடு வெளியேறத்தான். பேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம்: பிளக் சுவரில் இருக்கும்போது துணி நாற்காலியில், பிளக் கையில் இருக்கும்போது துணி செட்டின் மேல்.