சிலையைத் தொடுவதற்கு முன்: சர்ச்சைச் சிலைகளுக்கு ஒரு செய்முறைக் கையேடு

ஒரு சிலை மீது சர்ச்சை கிளம்பினால் கூட்டத்தில் கேட்பது இரண்டே குரல்: "இருக்கட்டும்", "எடு". செய்யக்கூடியதோ ஆறு. விளக்கப் பலகை வைக்கலாம். பீடத்து வாசகத்தை மட்டும் நீக்கலாம். எதிரே இன்னொரு படைப்பை நிறுத்தலாம். பீடத்திலிருந்து இறக்கித் தரையில் வைக்கலாம். அருங்காட்சியகத்துக்கோ சிலைப் பூங்காவுக்கோ அனுப்பலாம். உருக்கிவிடலாம். இந்த வரிசையில் கீழே போகப் போக, திரும்பி வரும் வழி அடைபடும். ஆகவே புகாரைத் தீர்க்கும் வழிகளில் எதைப் பின்னால் எளிதாக மாற்ற முடியுமோ அதை எடுங்கள்.

அதற்காக எல்லாவற்றுக்கும் ஒரு பலகையை நட்டுவிட்டு நகர்ந்துவிடவும் கூடாது. நீதிமன்ற வாசலில் நிற்கும் சிலையைப் பற்றி ஒருவர் முறையிட்டால், அவர் கேட்பது கூடுதல் தகவலை அல்ல. "இதைத் தாண்டி உள்ளே போனால் எனக்கு நியாயம் கிடைக்குமா" என்று கேட்கிறார். அதற்குப் பலகை பதிலாகாது.

முதலில் கோப்பு

இரண்டு தேதிகளை எழுதிக்கொள்ளுங்கள்: அந்த மனிதர் இறந்த ஆண்டு, சிலை எழுந்த ஆண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் அடிமை வணிகர் எட்வர்ட் கோல்ஸ்டன் இறந்தது 1721, சிலை வந்தது 1895. இடையில் 174 ஆண்டுகள். அப்படியென்றால் அந்தச் சிலை கோல்ஸ்டனின் காலத்தைவிட 1895-இன் பிரிஸ்டலைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. யார் பணம் போட்டார்கள், திறப்பு விழாவில் என்ன பேசினார்கள், அப்போதே யாராவது எதிர்த்தார்களா என்பதைப் பழைய நாளிதழ்களிலும் நகராட்சித் தீர்மானங்களிலும் தேடுங்கள். "அந்தக் காலத்தில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை" என்ற வாதம் பெரும்பாலும் இந்தத் தேடலில்தான் உடையும்.

அடுத்தது உரிமை. நிலம் ஒருவருக்கு, பீடம் ஒருவருக்கு, சிலை மூன்றாமவருக்கு என்று இருப்பது அபூர்வமல்ல. தானப் பத்திரத்தைக் கடைசி வரிவரை படியுங்கள். அமெரிக்காவின் ரிச்மண்டில், உள்நாட்டுப் போரில் அடிமை முறையை ஆதரித்த தென் மாநிலங்களின் தளபதி ராபர்ட் ஈ. லீயின் சிலையை அகற்ற 2020 ஜூனிலேயே ஆளுநர் அறிவித்துவிட்டார். ஆனால் "இதைப் பேணிக் காப்போம்" என்று 1887, 1890 பத்திரங்களில் மாநிலம் கொடுத்த வாக்கைக் காட்டி வழக்குகள் வந்தன. மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2021 செப்டம்பர் 2-இல்; சிலை இறங்கியது செப்டம்பர் 8-இல். பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். சில இடங்களில் சிலைக்கும் பீடத்துக்கும் தனித்தனி அனுமதி வேண்டும்.

மூன்றாவது, புகாரைப் பிரித்தெழுதுவது. ஆள் பிரச்சினையா, இடம் பிரச்சினையா, வாசகம் பிரச்சினையா? கோல்ஸ்டன் பீடத்தில் "நகரின் மிகச் சிறந்த நல்லொழுக்கமும் ஞானமும் கொண்ட மைந்தர்களுள் ஒருவர்" என்ற பொருளில் எழுதியிருந்தார்கள்; அடிமை வணிகம் பற்றி ஒரு சொல் இல்லை. வாசகம் மட்டுமே உறுத்துகிறது என்றால் கிரேன் தேவையில்லை.

பலகை வைப்பதென்றால்

60 முதல் 80 சொற்களுக்குள் முடியுங்கள். யார் இவர், யார் எப்போது ஏன் இதை நிறுத்தினார்கள், எதனால் எதிர்ப்பு, இந்த மூன்றும் போதும். பெயரடைகளை வெட்டிவிடுங்கள். "கொடியவன்" என்று எழுதினால் ஒரு தரப்பு பலகையை உடைக்கும். "சர்ச்சைக்குரியவர்" என்று மழுப்பினால் மறுதரப்பு உடைக்கும். "இவர் பங்கு வைத்திருந்த நிறுவனம் இத்தனை பேரைக் கப்பலில் ஏற்றியது" என்ற எண்ணுக்கு யாரும் பதில் சொல்ல முடியாது. ஒரு மீட்டர் தள்ளி நின்று படிக்கச் சிறிய எழுத்துகூட 8 மி.மீ. உயரமாவது இருக்கட்டும். பழைய பீடத்தில் துளையிட்டுப் பொருத்தாதீர்கள். தனிக் காலில் பக்கத்தில் நிறுத்துங்கள்.

வாசகத்துக்குக் கெடு வையுங்கள், ஒருவரிடம் இறுதி முடிவைக் கொடுங்கள். பிரிஸ்டலில் புதிய பலகைக்கான வாசகம் 2018 முதல் பல கைகள் மாறித் திருத்தப்பட்டது. வார்த்துத் தயாரான பலகையும் 2019-இல் ஆட்சேபணையால் நின்றுபோனது. 2020 ஜூன் 7-இல் கூட்டம் சிலையையே இழுத்துத் துறைமுகத் தண்ணீரில் தள்ளியது.

எதிர்ப்படைப்புக்கு நல்ல உதாரணம் இத்தாலியின் போல்சானோ. அரசுக் கட்டடம் ஒன்றின் முகப்பில் குதிரைமேல் முசோலினி இருக்கும் பிரம்மாண்டப் புடைப்புச் சிற்பம். அதை உடைக்கவில்லை. 2017-இல் அதன் குறுக்கே தத்துவவாதி ஹன்னா ஆரெண்டின் ஒரு வாக்கியத்தை மூன்று மொழிகளில் ஒளிரும் எழுத்துகளாகப் பொருத்தினார்கள். விளக்குகளைக் கழற்றினால் பழையபடி ஆகிவிடும். அதுதான் இதன் சாமர்த்தியம்.

எடுப்பதென்றால்: எங்கே என்பது முதலில்

போய்ச் சேரும் இடம் எழுத்தில் உறுதியாகும்வரை கிரேனுக்குத் தேதி கொடுக்காதீர்கள். சென்னையில் 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய ஆங்கிலேயத் தளபதி நீலன் (நீல்) சிலைக்கு எதிராக 1927-இல் சத்தியாக்கிரகம் நடந்தது. 1937-இல் ராஜாஜி ஆட்சியில் அது அருங்காட்சியகத்துக்குப் போனது. அங்கே இன்னொரு காட்சிப் பொருள், அவ்வளவுதான். புடாபெஸ்ட் தன் கம்யூனிஸ்ட் காலச் சிலைகளை நகர எல்லையில் ஒரு பூங்காவில் 1993-இல் ஒன்றுசேர்த்தது. "தற்காலிகமாக" நகராட்சிக் கிடங்கில் போடுவதுதான் மோசமான தேர்வு. அங்கே ஈரமும் திருடர்களும் மறதியும் சேர்ந்து வேலை செய்யும்.

பிறகு பதிவு. தரை மட்டம், இடுப்பு, தலைக்கு மேல் என மூன்று உயரங்களில் சுற்றி வந்து, ஒவ்வொரு படத்திலும் முந்தையதன் 70 சதவீதமாவது மீண்டும் வரும்படி 200 முதல் 400 படங்கள் எடுங்கள்; கணினியில் முப்பரிமாண மாதிரி செய்ய இவை வேண்டும். அளவுகோலும் வண்ணப் பட்டையும் சட்டகத்துக்குள் இருக்கட்டும். மேகமூட்டமான நாள் சிறந்தது. வெயிலில் வெண்கலம் பளிச்சிட்டு முப்பரிமாண மாதிரி ஓட்டையாகும். வார்ப்பகத்தின் முத்திரை, கையொப்பம், பழைய ஒட்டுகள், விரிசல்கள், பீடத்தின் நான்கு பக்க வாசகங்கள் எல்லாவற்றையும் அருகிலிருந்து எடுங்கள். சிலை எந்தத் திசையைப் பார்த்து நின்றது என்பதையும் எழுதுங்கள். பலரும் விடுவது இதைத்தான்.

எடைக் கணக்கு

விபத்துகள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன. வெண்கலச் சிலை உள்ளே குடைவு, கற்சிலை கெட்டி. இரண்டுக்கும் கணக்கு வேறு.

ஆள் உயர வெண்கலத்துக்கு, கோட்டு மடிப்புகளையும் சேர்த்து மேற்பரப்பு சுமார் 3 சதுர மீட்டர், சுவர் கனம் 6 மி.மீ. என்று வையுங்கள். ஒரு கன மீட்டர் வெண்கலம் சுமார் 8,700 கிலோ; ஆக 3 × 0.006 × 8,700 = ஏறக்குறைய 157 கிலோ. உள்கம்பிகளும் அடித்தட்டும் சேர்த்தால் 200. இரட்டை உயரமானால் பரப்பு நான்கு மடங்கு, சுவரும் 8 மி.மீ. ஆகும்: 835 கிலோ. பளிங்கில் ஆள் உயரச் சிலை, அங்கியும் அடிப்பலகையும் சேர்த்து 0.2 கன மீட்டர் என்றால் 540 கிலோ. இரட்டை உயரத்தில் அது எட்டு மடங்காகி 4 டன்னைத் தாண்டும். "பார்த்தால் அதே அளவுதானே" என்று சொல்லும் ஒப்பந்ததாரரை நம்பாதீர்கள். வெண்கலத்திலும் ஒரு சூது உண்டு: வார்ப்புக் களிமண் உள்ளேயே விடப்பட்டிருக்கலாம், காலுக்குள் கான்கிரீட் நிரப்பியிருக்கலாம், வடிதுளை அடைத்துத் தண்ணீர் நிற்கலாம். தட்டிப் பாருங்கள், சந்தேகமிருந்தால் துளை வழியே எண்டோஸ்கோப் கேமராவை விடுங்கள்.

அறுப்பதும் தூக்குவதும்

சிலை பீடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. பாதத்திலிருந்து இறங்கும் கம்பிகள் கல்லுக்குள் ஈயமோ சிமெண்டோ ஊற்றி இறுக்கப்பட்டிருக்கும். எத்தனை, எங்கே என்று உலோகம் காட்டும் கருவியால் குறித்துக்கொள்ளுங்கள். கம்பி வெண்கலமா இரும்பா என்பதைக் காந்தம் சொல்லும். இரும்பென்றால் அது துருவேறி ஊதி, சுற்றிலும் கல்லைப் பிளந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பீடம் தூக்கும்போது உதிரும், முன்கூட்டியே பெல்ட் போட்டுக் கட்டிவிடுங்கள். பாதத்துக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள இணைப்பில் வைரக் கம்பி ரம்பத்தை நுழைத்து, தண்ணீர் விட்டு அறுப்பதே நல்லது. கேஸ் வெட்டு வேண்டாம்: ஈயம் உருகி நச்சுப் புகை வரும், வெண்கலத்தின் பச்சைப் பூச்சும் கருகும்.

தூக்கப் பட்டைப் பெல்ட் மட்டும். சங்கிலி வெண்கலத்தைக் கீறும், கல்லைச் சிதைக்கும். கையிலோ கழுத்திலோ போடாதீர்கள். அங்கேதான் பழைய ஒட்டுகள் இருக்கும். இடுப்புக்குக் கீழே ஒன்று, அக்குளுக்குக் கீழே சாயாமல் பிடிக்க ஒன்று. குதிரைச் சிலையில் வயிற்றுக்கடியில் இரண்டு. வாலும் ஒரு தாங்குகாலாக இருக்கிறதா என்று பாருங்கள், பல சிலைகளில் இருக்கும். கொக்கி எடை மையத்துக்கு நேர் மேலே வரவேண்டும். கை நீட்டி நிற்கும் சிலையில் அது நடுவில் இருக்காது.

கிரேனின் பெயரில் இருக்கும் டன்னைப் பார்க்காதீர்கள். பூம் (கிரேனின் நீளும் கை) எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு திறன் குறையும். அந்தத் தூரத்துக்கான அட்டவணை எண்தான் கணக்கு. கிரேனின் கால்கள் ஊன்றும் இடத்துக்கு அடியில் கழிவுநீர்க் குழாய் போகிறதா என்று வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். கொக்கியில் லோடு செல் (தொங்கும் எடையைக் காட்டும் கருவி) கட்டாயம். மெல்ல இழுத்துக்கொண்டே எண்ணைக் கவனியுங்கள். கணக்கிட்ட எடையைவிட 15 சதவீதம் ஏறியும் சிலை அசையவில்லை என்றால் நிறுத்துங்கள், ஒரு கம்பி இன்னும் பிடித்திருக்கிறது. அந்த நேரத்தில் "இன்னும் கொஞ்சம்" என்று இழுத்தால் அது திடீரென விட்டு, சிலை ஊஞ்சலாகும். விடுபட்டதும் 10 செ.மீ. உயர்த்தி இரண்டு நிமிடம் நிறுத்திப் பாருங்கள், பிறகு மேலே.

கயிறு போட்டு இழுப்பது வேலையே அல்ல. 2020 ஜூனில் அமெரிக்காவின் போர்ட்ஸ்மவுத்தில் அப்படி இழுத்த சிலை கீழே நின்றவர் தலையில் விழுந்து அவர் உயிருக்குப் போராடினார். சிலையின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு ஆரத்துக்கு வேலையாட்களைத் தவிர யாரும் நிற்கக் கூடாது. எதிர்ப்பாளர்கள், ஆதரவாளர்கள், அமைச்சர்கள் எல்லோரும் அடக்கம்.

போகும் பாதையையும் அளந்துவிடுங்கள். ரிச்மண்டின் லீ சிலை 6.4 மீட்டர் உயரம், 12 டன். பாலங்களுக்கு அடியில் போக வேண்டி இடுப்பில் இரண்டாக அறுத்தார்கள். அறுப்பது தவிர்க்க முடியாதென்றால் பழைய வார்ப்பு இணைப்புக் கோட்டிலேயே அறுங்கள். மீண்டும் சேர்ப்பது எளிது.

பீடமும் கிறுக்கலும்

காலிப் பீடத்தைக் காலியாக விட்டால் யாராவது ஏறுவார்கள். கோல்ஸ்டன் பீடத்தில் 2020 ஜூலை 15 விடியற்காலையில் போராட்டக்காரர் ஒருவரின் சிலையை அனுமதியின்றி நிறுத்தினார்கள். நகராட்சி மறுநாளே இறக்கியது. பீடத்தை என்ன செய்வது என்ற முடிவும் அதே தீர்மானத்தில் வரட்டும். பிரிப்பதானால் கற்களுக்கு எண் போட்டு, மெதுவாக: உள்ளே அடிக்கல் பெட்டி, அதாவது கட்டியபோது நினைவுப் பொருட்களை வைத்து மூடிய பெட்டி, இருக்கலாம். ரிச்மண்டில் செப்டம்பரில் தோண்டித் தேடிக் கிடைக்காமல், டிசம்பரில் பீடத்தைப் பிரித்தபோதுதான் இரண்டு பெட்டிகள் அகப்பட்டன.

சிலைமேல் தெளித்த பெயிண்டை உடனே கழுவாதீர்கள். வைத்துக்கொள்வதா என்று அருங்காட்சியகத்தைக் கேளுங்கள். தண்ணீரிலிருந்து எடுத்த கோல்ஸ்டனைச் சேறு நீங்கக் கழுவியவர்கள், போராட்டத்தின் பெயிண்டைக் கவனமாகக் காப்பாற்றினார்கள். 2021-இல் அது படுத்த நிலையில், பெயிண்டோடுதான் காட்சிக்கு வந்தது. நீக்குவதென்றால் மறைவான இடத்தில் 5 செ.மீ. சோதித்துப் பார்த்து மேலே போங்கள். பளிங்கில் அமிலமும், எதிலும் உயரழுத்தத் தண்ணீரும் இரும்புப் பிரஷும் கூடாது.

கிடங்கில்

மரச் சட்டத்தொட்டிலில், பாலிஎத்திலீன் நுரைத் திண்டுகள் மேல், தரையிலிருந்து 15 செ.மீ. உயர்த்தி வையுங்கள். பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றினால் உள்ளே வியர்த்து வெண்கலத்தில் வெளிர்பச்சைத் தூள் பூக்கும். உப்புக் காற்று பட்ட சிலையில் அது நிற்காமல் அரித்துக்கொண்டே போகும். பருத்தித் துணி போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்து முந்தைய படத்தோடு ஒப்பிடுங்கள்.

தொட்டிலின் வெளியே அழியாத மையில் எடை, எடை மையம், பெல்ட் போட்ட இடங்கள், கோப்பு எண் நான்கையும் எழுதி, கோப்பின் நகல் ஒன்றை ஆவணக் காப்பகத்துக்குக் கொடுங்கள். 1991-92-இல் பெர்லினில் 19 மீட்டர் கிரானைட் லெனினைத் துண்டுதுண்டாகப் பிரித்து நகரின் ஓரத்தில் மண்ணில் புதைத்தார்கள். கண்காட்சிக்குத் தலை மட்டும் வேண்டும் என்று பின்னாளில் கேட்டபோது, துல்லியமான இடம் தெரியாது என்றது நகர நிர்வாகம். இடம் தெரிந்த பிறகோ, அந்த மண்ணில் குடியேறியிருந்த பாதுகாக்கப்பட்ட பல்லிகளை முதலில் இடம் மாற்ற வேண்டியிருந்தது. 2015-இல் வெளியே வந்த 3.5 டன் தலை இப்போது ஸ்பாண்டாவ் கோட்டையில் பக்கவாட்டில் படுத்திருக்கிறது. அன்று தூக்குவதற்காக உச்சந்தலையில் அடித்த இரும்புக் கம்பிகள் இன்னும் துருத்திக்கொண்டு நிற்கின்றன.