தெருவுக்கு ஒரு பருவநிலைத் திட்டம்: பெங்களூரு மாநகராட்சியிடம் மானியம் கேட்பது எப்படி

மானியத்துக்குப் போகும் விண்ணப்பங்கள் பெரும்பாலும் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்கின்றன. ஒன்று, இடத்துக்கு எழுத்தில் அனுமதி இருக்காது. இன்னொன்று, கணக்கு ஒட்டாது. யோசனை நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதற்குள் ஃபைல் திரும்பி வந்துவிடும். அதனால் யோசனையைக் கடைசியில் மெருகேற்றிக்கொள்ளலாம், முதலில் இந்த இரண்டையும் கட்டிப்போடுங்கள்.

யாரிடம் கேட்பது என்பதே இப்போது மாறியிருக்கிறது. 2025 செப்டம்பரிலிருந்து பிபிஎம்பி என்ற பழைய ஒற்றை மாநகராட்சி கிடையாது. கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் மத்தி, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று ஐந்து மாநகராட்சிகள். சிவாஜிநகர், சாந்திநகர் தொகுதிக்காரர்கள் மத்திய மாநகராட்சி. கே.ஆர்.புரம், மகாதேவபுரா கிழக்கு. பழைய லெட்டர்பேடைப் பார்த்து "பிபிஎம்பி ஆணையர் அவர்களுக்கு" என்று எழுதினால் தபால் செக்‌ஷனிலேயே ஒரு வாரம் போய்விடும்.

அடுத்தது தகுதி. விண்ணப்பிக்கும் சங்கம் பதிவு பெற்றிருக்க வேண்டும். கர்நாடக சங்கப் பதிவுச் சட்டம் 1960-இன்படி குறைந்தது 7 பேர் போதும். சங்கத்தின் பேரில் பான் அட்டை, சங்கத்தின் பேரிலேயே வங்கிக் கணக்கு, தணிக்கை செய்த கணக்குகள், "இந்தத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கிறோம், இன்னின்னார் கையெழுத்திடுவார்கள்" என்ற பொதுக்குழுத் தீர்மானம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பல பழைய தமிழ்ச் சங்கங்களில் பதிவு இருக்கும், ஆனால் ஆண்டுக் கணக்கைப் பதிவாளரிடம் கொடுத்துப் பல வருடம் ஆகியிருக்கும். அதை முதலில் சரிசெய்யுங்கள். பதிவே இல்லாத தெருக் குழு என்றால், பதிவுள்ள ஒரு சங்கத்தோடு ஒப்பந்தம் எழுதி அவர்கள் பேரில் போகலாம். பணம் எப்போது, எப்படி உங்கள் வேலைக்கு வரும் என்பதை அந்த ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டால் பின்னால் சண்டை நிச்சயம்.

சட்டப்படி நீங்கள் ஏற்கெனவே செய்தே ஆகவேண்டிய வேலைக்கு மானியம் கேட்காதீர்கள். 2,400 சதுர அடியும் அதற்கு மேலும் உள்ள மனையில் இருக்கும் பழைய கட்டடத்துக்கும், 1,200 சதுர அடியும் அதற்கு மேலும் உள்ள மனையில் கட்டும் புதுக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் குடிநீர் வாரியம் கட்டாயமாக்கியிருக்கிறது. பெரிய அபார்ட்மென்ட் அதற்கே நிதி கேட்டால் யாரும் தரமாட்டார்கள். அந்த விதிக்குள் வராத சின்ன வீடுகள் சேர்ந்து செய்தால் கதை வேறு.

அப்படி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அல்சூர் பக்கம் ஒரு சந்து, 12 வீடுகள், ஒவ்வொன்றுக்கும் 35 சதுர மீட்டர் கான்கிரீட் கூரை. மொத்தம் 420 சதுர மீட்டர். கூரைத் தண்ணீர் இப்போது சாக்கடைக்குப் போகிறது. அதை இரண்டு பொது உறைகிணறுகளில் இறக்கி நிலத்தடிக்கு அனுப்புவதுதான் திட்டம்.

கணக்கை இப்படிப் போடுங்கள். பெங்களூரில் ஆண்டு மழை சுமார் 970 மி.மீ. 420 × 0.97 × 0.85 என்றால் ஏறக்குறைய 346 கனமீட்டர், அதாவது 3.46 லட்சம் லிட்டர். 0.85 என்பது கூரையில் விழுவதில் ஓடி வரும் பங்கு. இந்த 3.46 லட்சத்தை அப்படியே "நிலத்தடிக்குச் செல்லும் நீர்" என்று எழுதினால் இன்ஜினியர் சிவப்பு மையால் சுழிப்பார். ஏன் என்று அடுத்த கணக்கு சொல்லும். ஒரே அடியாக 50 மி.மீ. கொட்டினால் 17,850 லிட்டர் வரும். முதல் 2 மி.மீ. அழுக்குத் தண்ணீரைத் தனியாக வெளியேற்ற வேண்டும், அது வீட்டுக்கு 70 லிட்டர். மீதி சுமார் 17,000. மூன்றடி விட்டம், 20 அடி ஆழம் உள்ள ஒரு உறைகிணறு 4,000 லிட்டர் பிடிக்கும், இரண்டு சேர்ந்தால் 8,000. மண் உறிஞ்சும் வேகத்தைப் பொறுத்து மிச்சத்தில் கொஞ்சம் உள்ளே போகும், மற்றது வழிந்தாக வேண்டும். வழிய ஒரு குழாயை மழைநீர் வடிகாலுக்குப் போட்டிருக்கிறோம் என்று வரைபடத்தில் காட்டுங்கள். இதைக் காட்டிய விண்ணப்பத்தில் கணக்கு தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று புரிந்துவிடும்.

நகரத்தின் பருவநிலைச் செயல்திட்டம் 2023 நவம்பரில் வெளியானது. குடிநீர், கழிவுநீர், மழைநீர் அதில் ஒரு துறை. உங்கள் திட்டம் அதில் எந்தத் துறையில் வருகிறது என்று முதல் பக்கத்திலேயே ஒரு வரி எழுதுங்கள். விண்ணப்பத்தில் "புதுமை" என்ற சொல்லைப் பார்த்ததும் ஆப், சென்சார் என்று ஓடாதீர்கள். சென்சார் ஆறு மாதத்தில் துருப்பிடிக்கும். 12 வீடுகள் இரண்டு கிணற்றைப் பங்கிட்டுக்கொள்வதும், தூர்வாரும் முறையை வீட்டு வரிசையில் மாற்றிக்கொள்வதுமே இங்கே போதுமான புதுமை.

இனி இடம். சந்து மாநகராட்சியுடையது. தோண்டுவதற்கு வார்டு இன்ஜினியர் வழியாகச் சாலை வெட்டும் அனுமதி வேண்டும். கூடவே குடிநீர் வாரியத்திடமும் மின் விநியோக நிறுவனமான பெஸ்காமிடமும் தடையில்லாச் சான்று வாங்குங்கள். கன்னடத்தில் அதை நிராக்ஷேபணா பத்ர என்பார்கள். வாய்மொழியாக "ஆகட்டும், மாடி" (செய்யுங்கள்) என்று சொன்னதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குழாயும் கேபிளும் எங்கே போகிறது என்று குறித்து வாங்காமல் தோண்டினால், கிணறு வெட்ட பூதம் கிளம்பிய கதைதான். நான்கடியில் பாதாளச் சாக்கடைக் குழாய் உடைந்து, திட்டமே அதோடு நிற்கும். சாக்கடைக் குழாய்க்கு ஒட்டினாற்போல் கிணறு வைப்பதும் ஆகாது, கசிவு நேராக நிலத்தடிக்குப் போகும்.

எல்லாக் கடிதத்தையும் கன்னடத்தில் எழுதுங்கள், குறைந்தபட்சம் ஒரு பக்கச் சுருக்கமாவது. ஆங்கிலத்தில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் குறிப்பு எழுதுகிற குமாஸ்தா அதைக் கன்னடத்துக்கு மாற்றும்வரை ஃபைல் நகராது. இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் சீலும் இன்வர்ட் நம்பரும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாமல் பின்னால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பதும் கஷ்டம்.

எஸ்டிமேட்டில் "கிணறு அமைத்தல், 2" என்று ஒற்றை வரி போட்டால் தள்ளுபடி ஆகும். பிரித்து எழுதுங்கள்: மூன்றடி விட்டம், ஓரடி உயர சிமென்ட் உறை 40. உறையைச் சுற்றி இட 40 மி.மீ. ஜல்லி. 110 மி.மீ. பிவிசி குழாய், வீட்டுவாரியாக மீட்டர் கணக்கில். முதல் மழை வெளியேற்றி 12, வண்டல் தொட்டி 2, பூட்டுள்ள மூடி 2. தோண்டும் கூலி, மண் அள்ளிக் கொட்டும் வண்டி, வெட்டிய சாலையைச் சரிசெய்யும் செலவு. கடைசி இரண்டையும் எல்லோரும் மறப்பார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கொட்டேஷன் வாங்கி, ஜிஎஸ்டி சேர்ந்த விலையைப் போடுங்கள். வரியை விட்டுவிட்டால் அந்தப் பணம் உங்கள் கையிலிருந்துதான் போகும்.

வேலை நடக்கும்போது கிணற்றடியில் ஆள் நிற்க வேண்டும். மேஸ்திரி பழக்கதோஷத்தில் உறைகளுக்கு இடையே சிமென்ட் பூசிவிடுவார், அடியில் கான்கிரீட்டும் போடுவார். அப்புறம் அது வெறும் தொட்டி, தண்ணீர் இறங்காது. இணைப்பு பூசாமல், அடி திறந்தே இருக்க வேண்டும். வேலையை ஏப்ரலுக்குள் முடிக்கப் பாருங்கள். பெங்களூரில் கனமழை ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை, ஆனால் கோடை மழை மே மாதமே வந்துவிடும். ஈர மண்ணில் பக்கம் சரிந்தால் உள்ளே இருப்பவர் உயிருக்கே ஆபத்து.

தோண்டுவதற்கு முன்பே அளக்கத் தொடங்குங்கள். ஒரு சாதாரண மழைமானி, ஒரு நோட்டு. எந்த மழைக்குச் சந்தில் எத்தனை மணி நேரம் தண்ணீர் நின்றது, கோடையில் மாதம் எத்தனை டேங்கர் வந்தது என்று தேதியோடு எழுதுங்கள். கிணறு வந்த பிறகு, மழை விட்டதும் ஒருமுறை, மறுநாள் ஒருமுறை டேப் விட்டு நீர்மட்டம் பாருங்கள். இரண்டு நாள் கழித்தும் இறங்காமல் நின்றால் வண்டல் அடைத்திருக்கிறது, இல்லையென்றால் களிமண் அடுக்கு. படங்களை ஒரே இடத்தில் நின்று, இடக்குறி பதியும் கேமராவில் எடுங்கள். முன், நடுவில், பின் என்று மூன்றும் வேண்டும்.

பணம் பெரும்பாலும் தவணையில் வரும். முதல் தவணைக்குச் செலவுச் சான்று கொடுத்தால்தான் அடுத்தது. அலுவலகத்தில் அதை யுசி என்பார்கள். பில் எல்லாம் சங்கத்தின் பேரில் இருக்க வேண்டும், பொருளாளர் பேரில் அல்ல. கூலியைக்கூட முடிந்தவரை வங்கி வழியாகக் கொடுங்கள். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் போனால் ஆடிட்டர் கேள்வி கேட்பார். தணிக்கையாளர் கையெழுத்தோடு செலவுக் கணக்கைப் போடும்போது, எஸ்டிமேட்டின் வரிசையிலேயே போடுங்கள். வரிசை மாறினால் சரிபார்ப்பவர் திருப்பி அனுப்புவார்.

பராமரிப்புப் பக்கத்தை ஒப்புக்கு எழுதாதீர்கள். ஏப்ரல் கடைசியில் வண்டல் தொட்டியை வாருவது, ஆண்டுக்கு ஒருமுறை கிணற்றடித் தூரை எடுப்பது, எந்த மாதம் எந்த வீடு, வீட்டுக்கு எத்தனை ரூபாய், இரண்டு மூடிகளின் சாவி யார் வீட்டு ஆணியில் தொங்கும் என்பதுவரை எழுதிப் பன்னிரண்டு வீட்டாரிடமும் கையெழுத்து வாங்கி இணையுங்கள்.