வாடகைக்கு விட வீடு வாங்குகிறவர்களுக்கு

பாளையங்கோட்டையில் எங்கள் வளவில் உள்ள வீடுகளை வாடகைக்கு விட்டுப் பராமரிப்பது என் பொறுப்பு. சென்னையிலும் துபாயிலும் இருக்கும் சொந்தக்காரப் பிள்ளைகள், "ஊரில் ஒரு வீடு வாங்கிப் போடலாமா சித்தி?" என்று கேட்பார்கள். வாங்குங்கள், ஆனால் வாடகை வந்து கடனை அடைத்துவிடும் என்று நம்பி வாங்காதீர்கள் என்பேன்.

வீட்டின் விலை 30 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. கிடைக்கிறதே என்று 27 லட்சத்தை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 23,400 ரூபாய். வாடகை 9,000 ரூபாய் என்றால் மீதி 14,400 ரூபாயை உங்கள் சம்பளம்தான் சுமக்க வேண்டும். 15 லட்சத்தோடு நிறுத்தினால் தவணை சுமார் 13,000. கையிலிருந்து போடுவது 4,000. இது தாங்கும். வாடகையையும் பதினொரு மாதத்துக்கே கணக்கிடுங்கள். ஆள் மாறும்போது வெள்ளையடிக்க வீடு பூட்டிக் கிடக்கும்.

வீட்டைப் பதியும்போது முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக சொத்து மதிப்பில் 9 சதவீதம் உங்கள் கைக்காசு. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கும் வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. போனஸ் வந்தால் அசலில் கட்டி, தவணையைக் குறைக்காமல் ஆண்டுகளைக் குறைக்கச் சொல்லுங்கள்.

பத்திரங்களை வக்கீல் பார்ப்பார். தாய்ப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா என்று வழக்கமான வரிசைதான். பூர்வீக வீடு என்றால் பெண்பிள்ளைகளின் கையெழுத்தை நீங்களே கேளுங்கள். "அக்காவுக்குச் சீர் செய்து அனுப்பிவிட்டோம்" என்பது பதில் ஆகாது. அவளுக்கும் பங்கு உண்டு. அவள் மனமறிந்து கையெழுத்துப் போடாத வீட்டை வாங்காதீர்கள்.

அடுத்தது தண்ணீர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகி திருநெல்வேலியின் வண்ணார்பேட்டை, சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம் பக்கமெல்லாம் வீடுகளுக்குள் புகுந்தது. வெள்ளம் நின்ற அடையாளத்தைப் புதுச் சுண்ணாம்பு மறைத்துவிடும், மரம் மறைக்காது. கதவு நிலையின் அடியில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். தண்ணீர் குடித்த மரம் உப்பியிருக்கும், நகம் பதியும். சுவர் அலமாரியின் கீழ்த்தட்டிலும் மீட்டர் பலகையின் பின்பக்கமும் டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு எதிர்வீட்டு ஆச்சியிடம் அந்த இரவு தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். என்னைக் கேட்டால், ஆற்றோரத்துப் புது வீட்டைவிட பாளையங்கோட்டை ஐகிரவுண்டு மேட்டில் உள்ள பழைய வீடே மேல். மருத்துவக் கல்லூரி பக்கத்தில் இருப்பதால் செவிலியரும் மருத்துவ மாணவர்களும் அங்கே வீடு தேடி வருவார்கள். பழைய கட்டடத்துக்கு வங்கி கடன் ஆண்டுகளைக் குறைக்கலாம். அதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆள் வைப்பதற்கு முன் ஒப்பந்தத்தை எழுதிப் பதியுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி அது கட்டாயம். முன்பணத்தைத் தொடாமல் தனிக் கணக்கில் போடுங்கள். காலி செய்கிற அன்றே அதைத் திருப்பிக் கொடுக்கிற வீட்டுக்காரருக்கு நல்ல குடித்தனக்காரர்கள் தாமாகவே வருவார்கள்.

ஐப்பசி மழைக்குக் காத்திராமல் புரட்டாசியிலேயே தட்டட்டியில் (மொட்டை மாடியில்) ஏறுங்கள். தண்ணீர் போகும் குழாய் வாயில் வேப்பஞ்சருகு அடைத்திருக்கும். அதை எடுத்துவிட்டு இரண்டு குடம் ஊற்றினால் எங்கே தேங்குகிறது என்று தெரியும். அந்த இடத்துத் தட்டோட்டு இடுக்கைத்தான் பூச வேண்டும். வெளியூரில் இருந்தால் இதற்கென்று ஊரில் ஒருவரைக் கூலி பேசி வைத்துக்கொள்ளுங்கள். சொத்து வரியை ஏப்ரலிலும் அக்டோபரிலும் அந்தந்த மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, 5,000 ரூபாய் வரை. ரசீதை எடுத்து வையுங்கள். வாடகை வருமானத்துக்கு வரிக் கணக்குக் காட்டும்போது கட்டிய சொத்து வரியைக் கழித்துக்கொள்ளலாம்.