சுண்டெலியின் பயத்தை அளப்பவர்கள் தவிர்க்க வேண்டியவை

கூண்டு எண்ணை மாற்றி எழுதுவது, கேமராவைப் போட மறப்பது எல்லாம் முதல் வாரத்திலேயே சரியாகிவிடும். கீழே உள்ள தவறுகள் அப்படியல்ல. எண்கள் அழகாக வரும், முடிவு மட்டும் தப்பாக இருக்கும். அதனால்தான் புதிதாக வருகிறவர்கள் இவற்றைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்.

ஒலிச் சோதனையைப் பழைய பெட்டியிலேயே நடத்துவது

பயிற்சி நாளில் சுண்டெலியைப் பெட்டிக்குள் விட்டு 2 நிமிடம் பொறுத்து 30 விநாடி ஒலி கொடுக்கிறோம். அதன் கடைசி 2 விநாடியில் பாதத்தில் 0.5 மில்லி ஆம்பியர் அதிர்ச்சி. ஓரிரு நிமிட இடைவெளி விட்டு இப்படி 3 முறை. இதில் சுண்டெலி இரண்டு பாடம் படிக்கிறது: இந்த ஒலி ஆபத்து, இந்த இடமும் ஆபத்து. இரண்டுக்கும் மூளையில் பயத்தைக் கையாளும் அமிக்டலா என்ற பகுதி வேண்டும். இடத்தை நினைவில் வைக்கக் கூடுதலாக ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியும் வேண்டும். 1992-இல் ஆய்வாளர்கள் கிம்மும் ஃபான்ஸ்லோவும் எலிகளில் இதைக் காட்டினார்கள். பயிற்சிக்கு மறுநாள் ஹிப்போகேம்பஸைச் சிதைத்தபோது இடம் பற்றிய பயம் போனது, ஒலி பற்றிய பயம் நின்றது.

மறுநாள் அதே பெட்டியில் ஒலியைப் போட்டால் சுண்டெலி அசையாமல் உறைந்துதான் நிற்கும். இந்த உறைதலைத்தான் பயத்தின் அளவாக எடுக்கிறோம். பெட்டிக்குப் பயந்தா, ஒலிக்குப் பயந்தா? யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் கொடுத்த மருந்து ஹிப்போகேம்பஸை மட்டும் அடக்கியிருந்தாலும் உறைதல் குறையும். உடனே "அமிக்டலாவில் வேலை செய்கிறது" என்று ஆய்வேட்டில் ஏறிவிடும். பல மாத உழைப்பும் அத்தனை விலங்குகளின் உயிரும் வீண். இதைத் தடுக்கத் தேவைப்பட்டது ஒரு பிளாஸ்டிக் தகடும் ஒரு பாட்டில் வினிகர் கரைசலும்தான் என்பதே ஒவ்வொரு முறையும் எரிச்சலூட்டுகிறது.

தரைக் கம்பிகள்மேல் வழவழப்பான தகடு போடுங்கள். சுவருக்கு வளைந்த அட்டை வையுங்கள். முதல் நாள் 70% எத்தனாலால் துடைத்திருந்தால் இப்போது 1% அசிட்டிக் அமிலத்தால் துடையுங்கள். வெளிச்சத்தை மாற்றிவிட்டு வாசனையை அப்படியே விடுவதுதான் அதிகம் நடக்கிறது. சுண்டெலிக்கோ மூக்குதான் முக்கியம். தூக்கிவரும் கூண்டும் மாறட்டும்.

பிறகு, ஒலிக்கு முன் 2–3 நிமிடம் உறைதலைத் தனியே அளந்து வையுங்கள். அதுவே அந்த நேரத்தில் 50% இருந்தால், சுண்டெலியைப் பொறுத்தவரை இடம் மாறவில்லை. ஒலியின்போது வரும் 65%-ஐ வைத்து எதுவும் சொல்லாதீர்கள்.

வாலைப் பிடித்துத் தூக்குவது

வேண்டாம். குழாயிலோ குவித்த உள்ளங்கையிலோ எடுங்கள்.

ப்ளஸ் மேஸில் அதே விலங்கை மறுபடி விடுவது

ப்ளஸ் மேஸ் என்பது பதற்றத்தை அளக்கும் கூட்டல் குறி வடிவ மேடை: இரண்டு கிளைகள் திறந்தவை, இரண்டு சுவரால் மூடியவை. ஒருமுறை 5 நிமிடம் அதில் இருந்த விலங்கிடம் டயசெபாம் வகை மருந்துகளின் பதற்றத் தணிப்பு அடுத்த முறை பெரும்பாலும் தெரியாது. மருந்துக்கு முன், பின் என்று ஒரே விலங்கை ஒப்பிடாமல் தனிக் குழுக்கள் வையுங்கள். திறந்த கிளைகளில் கழித்த நேரத்தோடு, மூடிய கிளைகளுக்குள் எத்தனை முறை நுழைந்தது என்பதையும் குறியுங்கள். நுழைவுகள் வெகுவாகச் சரிந்திருந்தால் மருந்து விலங்கின் நடமாட்டத்தையே முடக்கியிருக்கலாம்.

உறைந்தால்தான் பயம் என்று எண்ணுவது

ஒலி கேட்டதும் சட்டென்று பாய்ந்தோடும் எலிகள் உண்டு, பெண் எலிகளில் கூடுதலாக. 2015-இல் வெளியான ஆய்வு இதை விரிவாகப் பதிவு செய்தது. உறைதல் சதவீதத்தை மட்டும் பார்த்தால் இவை பயமற்றவை என்று ஆகிவிடும். வீடியோவைக் கண்ணால் பாருங்கள்.

அமிக்டலாவை ஒற்றை ஸ்விட்ச்சாக நினைப்பது

2011-இல் கே டை என்ற ஆய்வாளரும் குழுவினரும் சுண்டெலிகளில், அடிப்பக்கவாட்டு அமிக்டலாவிலிருந்து மைய அமிக்டலாவுக்குப் போகும் நரம்பு நுனிகளை மட்டும் ஒளியால் தூண்டினார்கள். பதற்றம் குறைந்தது. அதே நரம்பணுக்களின் உடல்களைத் தூண்டியபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே ஒளியை மூளைக்குள் கொண்டுபோகும் ஃபைபரின் நுனி எங்கே நின்றது என்பதே முடிவை மாற்றிவிடும். சோதனை முடிந்ததும் மூளையைச் சீவி, ஒவ்வொரு விலங்கிலும் நுனியின் இடத்தை வரைபடத்தில் குறியுங்கள். விலகி நின்றவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவற்றின் எண்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும்.